வீட்டுக் கவலையை வகுப்பு வாசலில் கழற்றிவிட்டு வர முடியுமா?

நவம்பர் 14, 2025. வாசகி ஒருவரின் கேள்வி

டீச்சர், நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் எருத்தேம்பதிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் மூன்றாம் வகுப்புக்குத் தினக்கூலியில் போகிறேன். ஜூனில் சேர்ந்தேன். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமை நான் கூட்டிப் போகிறேன், மற்ற இரண்டு நாள் சித்தி போகிறார். சித்தி போகும் நாட்களில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் பிள்ளைகள் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்த டீச்சர், "வீட்டுக் கவலையைச் செருப்போட வாசல்ல கழட்டி விட்டுட்டு வரணும், முடியாதவங்க இந்த வேலைக்கு வரக்கூடாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நிஜமாகவே எல்லாரும் அப்படிக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்களா?

நவம்பர் 14, இரவு 9.40

இல்லை. ஒருவரும் கழற்றிவிட்டு வருவதில்லை. உங்களிடம் அதைச் சொன்னவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நானும் உங்கள் மாவட்டம்தான், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் யு.பி. வகுப்புகளுக்கு, அதாவது ஐந்து முதல் ஏழு வரை, தமிழ் மீடியத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வீடு எல்லையில் கோபாலபுரம் தாண்டி, தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம். மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த வருடம், நானும் தினமும் நன்றாகச் சேலை கட்டி, பொட்டு வைத்து, சிரித்த முகமாகத்தான் வகுப்புக்குள் போவேன். என் குரல் ஏறியிருந்தது எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். நான் உள்ளே வந்ததும் எழுந்துபோய் போர்டைத் துடைப்பான். முன்பே துடைத்துச் சுத்தமாக இருக்கும் போர்டு. மேல் மூலை எட்டாது, எம்பி எம்பித் துடைப்பான். நான் சாதாரணமாக இருக்கும் நாளில் மட்டும் அவன் எழுந்திருப்பதில்லை என்று சில வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. என் முகத்தைப் பார்த்ததும், இன்றைக்குத் திட்டு விழும் என்று முடிவு கட்டி, திட்டுவதற்கான காரணங்களில் ஒன்றையாவது குறைக்கப் பார்த்திருக்கிறான். பதினொரு வயசுப் பையன்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "எங்க வீட்டுல பாட்டிக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. என் குரல் கொஞ்சம் கடுமையா வந்தா அது உங்க மேல கோபம் இல்லை." அவ்வளவுதான், பாடத்துக்குப் போய்விட்டேன். இன்டர்வெல்லில் ஒரு பெண் பிள்ளை என் மேசைக்கு வந்து, "எங்க அமுச்சியும் அப்படித்தானுங் டீச்சர், கஞ்சிய ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா இறங்கும்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனாள். பையன் போர்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டான்.

நீங்கள் மறைக்க மறைக்கத்தான் பிள்ளைகள் தாங்களாக ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அந்தக் காரணம் எப்போதும் "நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். கண் கலங்கியதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி.

நவம்பர் 15, காலை 6.15

ராத்திரி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் யு.பி. பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினேன், உங்களுடையது மூன்றாம் வகுப்பு. எட்டு வயசுப் பிள்ளையிடம் டயாலிசிஸ், ரத்தம், மிஷின் என்றெல்லாம் சொன்னால் வீட்டுக்குப் போய், தன் அம்மாவுக்கும் அப்படி ஆகுமா என்று அழும். "டீச்சருக்கு இன்னைக்கு மனசு கொஞ்சம் கஷ்டமா இருக்கு, உங்க யாராலயும் இல்லை, சாயங்காலம் சரியாயிடும்" என்பது போதும். முக்கியமான துண்டு நடுவில் இருக்கிறது: உங்க யாராலயும் இல்லை.

இன்னொன்று. உடம்புக்கு முடியாததைச் சொல்லலாம். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன், பங்காளித் தகராறு இதையெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு வரி கூடச் சொல்லக்கூடாது. நம் ஊர்கள் சின்னவை, பிள்ளைகள் வாய் வழியாக அது சந்தை வரைக்கும் போய்விடும் என்பது ஒரு பக்கம். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அதுகள் என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பெரிது.

நவம்பர் 17, இரவு 10.05

வண்ணாமடையில் இருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். சுருக்கமாகத் தருகிறேன்: "நாங்களும்தான் தோப்புக்குக் கூலிக்குப் போறோம். எங்களுக்குக் கவலை இல்லையா? என் பொண்ணை ஒரு டீச்சர் எல்லார் முன்னாலயும் 'நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்றே'ன்னு கேட்டிருக்காங்க. கேட்டா வீட்டுல பிரச்சினைன்னு சொல்றாங்க. அது என் பொண்ணு தலையிலதான் விடியணுமா?"

விடியக்கூடாது அண்ணா. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனசைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "எதுக்குப் படிக்க வர்றே" அதில்தான் வரும். தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் (பி.டி.ஏ.) பேசுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அந்த டீச்சருக்கு வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் அந்தச் சொல் சொல்லிய சொல்தான். குரல் ஏறுவது வேறு, ஒரு பிள்ளையைக் குறிபார்த்துச் சொல்லால் அடிப்பது வேறு. முதலாவதைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன், இரண்டாவதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

உங்கள் தோப்புக் கேள்வியை ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் உயிருக்குப் போராடும் ஆளை விட்டுவிட்டு, கை நடுங்க வந்து நிற்கிறவரை அன்றைக்குத் தென்னை ஏறி கள் இறக்க அனுப்புவீர்களா? "இன்னைக்கு நீ கீழ நில்லு, வேற ஆள் ஏறட்டும்" என்றுதானே சொல்வீர்கள்? பள்ளிக்கூடத்தில் அந்த வேறு ஆள் இல்லை. எங்கள் கஷ்டமே அதில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கவலை இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

நவம்பர் 19, இரவு 9.20

வேறு ஆள் இல்லை என்றால் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் இருப்பது நியாயம்தான்.

கேரளத்தில் எங்கள் சித்தூர் தாலூகாவிலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ் மீடியம் வகுப்புகள் உண்டு. பாடப்புத்தகம் கேரளப் பாடத்திட்டம், அச்சு தமிழில். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழிலேயே எழுதலாம். பல பள்ளிகளில் ஒரே வளாகத்தில் மலையாள மீடியமும் தமிழ் மீடியமும் நடக்கும். மலையாள மீடியத்தில் ஐந்தாறு டிவிஷன் இருக்கலாம், தமிழில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றுதான். சமூக அறிவியலைத் தமிழில் எடுக்க நான் ஒருத்திதான். நான் விடுப்பு எடுத்தால் பக்கத்து வகுப்பு மலையாள டீச்சர் வந்து உட்காருவார். நல்ல மனுஷி, எங்களைப் போலவே தமிழ் பேசுவார். ஆனால் புத்தகத்தைத் திறந்து வாசிக்க வராது. பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளலாம், பாடம் நகராது.

இதனால்தான் காய்ச்சலோடும் வருகிறோம், ராத்திரி ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் நேராகவும் வருகிறோம். வந்து நின்று, பாடத்தையும் அரைகுறையாக எடுத்து, குரலையும் ஏற்றி, சாயங்காலம் அதை நினைத்து வருந்தி. இது கடமை உணர்ச்சி என்று பெயர் வாங்குகிறது. எனக்கு அதில் பாதி சம்மதம் இல்லை. ஒருத்தர் மட்டுமே தாங்கும்படி ஒரு வகுப்பை அமைத்துவிட்டு, அந்த ஒருத்தரின் மனத்திடத்தைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம்.

அப்புறம் விடுமுறை. என் மகள் பொள்ளாச்சியில் எட்டாவது படிக்கிறாள். எனக்கு ஓணத்துக்குப் பத்து நாள், அப்போது அவளுக்குப் பள்ளி உண்டு. அவளுக்குக் காலாண்டு விடுமுறை வரும்போது எனக்குப் பள்ளி. பொங்கலுக்குக் கேரளத்தில் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறது, ஒரு நாள். தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நீளும். மாட்டுப் பொங்கல் அன்று வீட்டில் எல்லாரும் இருக்க நான் மட்டும் பஸ் ஏறுவேன். எல்லையில் குடும்பத்தை ஒரு பக்கமும் வேலையை மறு பக்கமும் வைத்திருக்கிற எல்லா டீச்சர்களுக்கும் இதே கதைதான். இதை யாரும் மன அழுத்தம் என்று எழுதிக் கணக்கில் காட்ட மாட்டார்கள், ஆனால் வருடம் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும்.

நவம்பர் 20, காலை

நேற்று கொஞ்சம் கனமாகிவிட்டது. இன்று ஏழாம் வகுப்பில் கேட்டது: வீட்டுப்பாடம் எழுதாத கூட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பெஞ்சில் இருந்து ஒருவன், "டீச்சர், மலையாளத்துல திட்டுங்களேன், பாதிதான் புரியும்" என்றான். வகுப்பே சிரித்தது, எனக்கும் அடக்க முடியவில்லை. நாள் முழுக்க லேசாக இருந்தது. மனசு சரியில்லாத நாட்களில் பிள்ளைகள் நம்மைத் தூக்கிவிடுவதும் உண்டு, இதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 25, இரவு

சிரித்த முகமாக நிற்பதே ஒரு வேலை என்று நான் முன்பு ஒரு கூட்டத்தில் சொன்னபோது, "சிரிக்கிறதுக்கு என்ன செலவு" என்று கேட்டார்கள். இதை ஆராய்ந்தவர் ஒருவர் இருக்கிறார். ஆர்லி ஹாக்ஷில்ட், அமெரிக்கச் சமூகவியலாளர், 1983-இல் எழுதியது. விமானப் பணிப்பெண்களைக் கவனித்தார். பயணி எப்படி நடந்துகொண்டாலும் சிரிக்க வேண்டும். சம்பளத்துக்காக முகத்தையும் மனசையும் ஒரு விதமாக வைத்துக்கொள்வதும் உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்றார். உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை, அந்த உணர்ச்சியை உள்ளுக்குள்ளேயே வரவழைத்துக்கொள்வது இன்னொரு வகை என்று பிரித்தார். பிற்பாடு ஆசிரியர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளில், முதல் வகை கூடக்கூட ஆள் தேய்ந்துபோவது தெரிந்திருக்கிறது.

எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. அவர் கடன் வசூலிப்பவர்களையும் கவனித்தார். அவர்கள் வேலை சிரிப்பது இல்லை, கடுமை காட்டுவது. எங்கள் வேலையில் இந்த இரண்டும் ஒரே பீரியடுக்குள் வருகிறது. முதல் பெஞ்சில் அழுகிற பிள்ளையிடம் ஒரு முகம், திரும்பியதும் ஜன்னல் ஏறுகிறவனிடம் இன்னொரு முகம், நடுவில் பாடம். வீட்டில் நிம்மதி இருக்கும் நாளில் இதைச் செய்வதே தெரியாது. இல்லாத நாளில் ஒவ்வொரு முகத்தையும் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

"அந்த மாதிரி நாளில் வகுப்பில் என்னதான் செய்வீர்கள், வேலைக்கு ஆகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்ட முதலமடைத் தம்பிக்கு.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். முன்பு அதில் சாக்பீஸ் வந்தது. உள்ளே இருப்பவை: பழைய தமிழ்ப் பேப்பரில் வெட்டிய செய்திகள், ஒவ்வொன்றும் அட்டையில் ஒட்டியது. பாலக்காடு மாவட்டத்தின் வெற்று வரைபடம், ஒரு கட்டு. கேள்வி எழுதிய சீட்டுகள். நான்கு நிறத்தில் நூல்கண்டு.

ராத்திரி தூங்காத நாளில் பெட்டி வெளியே வரும். நான்கு நான்கு பேராக உட்கார வைத்து, ஒரு குழுவுக்கு வரைபடமும் நூலும் கொடுப்பேன். ஆழியாற்றில் இருந்து சித்தூர்ப்புழைக்குத் தண்ணீர் வரும் வழியை நீல நூலால் ஒட்ட வேண்டும், மூலத்தறை அணைக்கட்டு எங்கே என்று புள்ளி வைக்க வேண்டும், தங்கள் வீட்டுத் தோப்புக்கு எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு வந்து எழுத வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீர்ப் பங்கு இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லாமலே தெரியும். அப்பாக்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு முறை இரண்டு பெண் பிள்ளைகள் கால்வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கடுமையாகச் சண்டை போட்டு, கடைசியில் சனிக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை வரைபடத்தைத் திருத்தினார்கள்.

நான் அந்த நேரம் பெஞ்சு பெஞ்சாகப் போய் உட்காருவேன், அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். குரலுக்கு வேலை இல்லை. என் அனுபவத்தில் முதலில் கெடுவது குரல்தான், ஆகவே குரல் தேவைப்படாத பாடம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். இதைத் தெம்பாக இருக்கும் நாளில் தயாரித்து வைக்க வேண்டும், கஷ்டமான காலையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. பாடக்குறிப்பு எழுதும் டீச்சிங் மேனுவலில் இதற்கு இடம் ஒதுக்கி எழுதிவிடுங்கள், மேலதிகாரி வந்தால் காட்டலாம். ஒப்புக்குச் செய்கிற வேலை இல்லை இது. என் வகுப்பில் ஆற்றுப் பாடம் நன்றாக ஏறியது இப்படித்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு, மாலை

பெட்டி, வரைபடம் எல்லாம் சரி. போன சில வாரமாக எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. நாம் எல்லாரும் "சொந்தக் கவலை" என்று வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வேலையே வீட்டுக்குள் கொண்டுவந்து போடும் கவலையை என்ன சொல்வது?

நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது, இங்கேயும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில். அதற்கான வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் (பி.எல்.ஓ.) எத்தனையோ பேர் ஆசிரியர்கள். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, போனில் ஏற்ற வேண்டும். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ஆள் திருப்பூரிலோ கோவையிலோ இருப்பார், திரும்பத் திரும்பப் போக வேண்டும். நவம்பர் 17 அன்று கேரளம் முழுக்க பி.எல்.ஓ.க்கள் வேலையை நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அந்த அளவுக்கு நெருக்கடி. இப்போது 11-ஆம் தேதி பாலக்காட்டில் உள்ளாட்சித் தேர்தல், அதற்குப் பயிற்சி, பூத் டியூட்டி. பின்னாலேயே கிறிஸ்துமஸ் தேர்வு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றுக்கும் விலக்குத் தருகிறது. விலக்கில் வருபவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அந்தப் பிரிவு எங்களைக் காப்பாற்றுவதில்லை. அடுத்த வருடம் ஏப்ரலுக்குப் பின் வீட்டுக் கணக்கெடுப்பு, 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கெடுப்பு.

இதற்கு மேல் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: ஒன்று முதல் எட்டு வரை எடுக்கும் ஆசிரியர்களில், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஐம்பதை நெருங்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவரைப் போல முன்பே சேர்ந்தவர்களுக்குக் கேரளத்தில் 56-இல் ஓய்வு, ஆகவே அவருக்கு இது பொருந்தும். அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது அவர் வகுப்பில். மதியம் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கே-டெட் (கேரளத் தகுதித் தேர்வு) வழிகாட்டியை விரித்து வைத்துக்கொண்டு குழந்தை உளவியல் படிக்கிறார். 150 கேள்வி, பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. தேறிவிடுவார், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக அவர் வகுப்பில் சிரிக்கவில்லை. பிள்ளைகள் என்னிடம் வந்து, "அந்த டீச்சருக்கு எங்க மேல கோபமா" என்று கேட்கிறார்கள்.

இதைச் செருப்போடு எந்த வாசலில் கழற்றி வைப்பது?

டிசம்பர் 14, இரவு

தேர்தல் டியூட்டி முடிந்து, தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அவர் வாதம்: வகுப்பு என்பது ஆசிரியருக்கே மருந்து, அவர் மனைவி இறந்து பதினாறு முடிந்ததும் வகுப்புக்கு வந்ததுதான் அவரைக் காப்பாற்றியது, இந்தத் தலைமுறை கவலையைப் பெரிதாக்குகிறது.

ஐயா, உங்கள் முதல் பாதியை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நான் இதுவரை எழுதியதில் அது விட்டுப்போயிருக்கிறது. மாமியார் ஐ.சி.யு.வில் இருந்தபோது ஒரு நாள் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிப் பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். காற்றாலை, ஆடிக்காற்று, கூரை ஓடு பறந்த கதை, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரி என் நினைவில் இல்லை. பெரிய நிம்மதி அது. கோவிட் காலத்தில் பள்ளி பூட்டியிருந்து, கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் தமிழ்ப் பாடத்தைப் பார்க்கச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. வீட்டுக் கவலையில் இருந்து ஒதுங்க இடமே இல்லாமல் போனது.

இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்களுக்குப் பதினாறு நாள் கிடைத்தது. அந்த நாட்களில் உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார், வந்தபோது வேலை நிரந்தரமாக இருந்தது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. மார்ச்சோடு வேலை முடியும், ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா என்பது தெரியாது. அவர் ஸ்டாஃப் ரூமில் வாய் திறக்கவே பயப்படுகிறார். நம்மைப் போல வேலை உறுதியானவர்கள் பேசினால்தான் அவர்களுக்கும் பேச இடம் கிடைக்கும். நீங்கள் இருந்த பள்ளியில் உங்கள் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கும் ஐயா, அங்கே போகும்போது இதைச் சொல்லுங்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

லீவில் இருக்கிறேன், மகளும் லீவில் இருக்கிறாள். இந்த ஒரு விடுமுறையாவது இரண்டு மாநிலத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகிறது.

எது சாதாரணக் களைப்பு, எப்போது ஆள் பார்க்க வேண்டும் என்று தனிப்பட்ட முறையில் ஒருவர் கேட்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலையால் வரும் முழுச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தியே இல்லாமல் போவது, வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாமையோ வருவது, செய்வதெல்லாம் வீண் என்று படுவது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை தொடர்பான நிலை என்று வகைப்படுத்தியது. எனக்கு அந்த வகைப்பாடு முக்கியமாகப் படுகிறது, பாதிப் பொறுப்பு வேலையிடத்துக்கும் வந்துவிடுகிறது. ஆனால் விடுமுறை விட்டும் தூக்கம் திரும்பாவிட்டால், சாப்பாடு பிடிக்காவிட்டால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அது சாதாரணக் களைப்பு இல்லை. அன்றே பேசுங்கள். டெலி மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கேரளத்தில் திசா 1056. காசு கிடையாது.

சில பள்ளிகளில் ஸ்கூல் கவுன்சிலர் இருப்பார். அவர் பிள்ளைகளுக்காக இருப்பவர், ஆனால் டீச்சர்களும் போய் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். உட்காருங்கள், தப்பில்லை. பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறார். அதற்காகவே காத்திருந்தேன்.

பக்கத்து வகுப்பு மலையாள டீச்சரிடம் முதலில் சொல்லியிருக்கிறார். அவர்தான் எச்.எம்.மிடம் கூட்டிப் போயிருக்கிறார். ஏற்பாடு இதுதான்: சித்தி ஆஸ்பத்திரி போகும் இரண்டு நாளும் இவர் போன் அணைந்து பையில் இருக்கும். அவசரம் என்றால் மட்டும் சித்தி பள்ளி ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுவார், ஆபீஸில் இருந்து ஆள் வரும். ஆள் வராதவரை அம்மா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். "போன் அடிக்குமோ அடிக்குமோன்னு இருந்தது போயிடுச்சு அக்கா, கதவைப் பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகலை" என்று எழுதியிருக்கிறார். அந்த மூத்த டீச்சர் இப்போது என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

எதையும் மாற்றாத, காசு செலவில்லாத ஏற்பாடு. ஒருவர் வாய் திறந்து சொல்ல, இன்னொருவர் கூட நடந்து போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்கு ஏன் ஜூனில் இருந்து ஜனவரி வரை ஆனது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தங்கச்சிக்கு மிச்சம் இருப்பது சனிக்கிழமை. பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் க்ளஸ்டர் கூட்டமோ வேலைநாள் சனிக்கிழமையோ வந்தால் அம்மாவோடு போக முடியாது. மூன்று வழி தோன்றுகிறது. டயாலிசிஸ் யூனிட்டுகள் ஷிப்ட் கணக்கில் ஓடுகின்றன, சனிக்கிழமை மட்டும் சாயங்கால ஷிப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு சனிக்கிழமைக்குத் திருப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள், அவருக்கும் அம்மாதான், கேட்கத் தயங்காதீர்கள். மூன்றாவது, வேலைநாள் சனிக்கிழமைகளின் தேதி பள்ளிக் காலண்டரிலேயே இருக்கும், மார்ச் வரைக்கும் உள்ளதை இப்போதே எச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளி ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் எஸ்.ஆர்.ஜி. கூட்டம் வரும்போது அந்த நாட்களுக்கு மூன்றாம் வகுப்புக்கு யார் என்று பேசி மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். மலையாள டீச்சர் உட்காருவார் என்றால், வாசிக்கத் தேவையில்லாத வேலையாக ஒரு பெட்டி தயார் செய்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். மூன்றாம் வகுப்புக்கு என்ன வைக்கலாம் என்று எல்.பி. (ஒன்று முதல் நான்கு வரை) எடுக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள், எனக்கு யு.பி.தான் பழக்கம்.